பால்மானி

பால் நிலையத்துக்குத்
தேக்கங்காட்டுக்குள்ளால் போனால் மூன்று கிலோமீற்றர்,
குளக்கட்டால் சுற்றினால் ஏழு.
நான் ஏழால் போகிறேன்.

"உனக்கு ரயர் சும்மாவே தாறாங்கள்?"
என்று தவம் கேட்டான்.
இல்லை.
காட்டுப் பாதையின் மூன்றாம் வளைவில்
புளிச்ச சீனியும் ஈஸ்ற்றும் கலந்த ஒரு வாசம்
குந்தியிருக்கிறது.
வீட்டில் என்னைக் கூப்பிடுகிற பெயர் வரைக்கும்
அதற்குத் தெரியும்.

குளக்கட்டில் அப்படியொன்றும் இல்லை.
முத்தையன்கட்டுத் தண்ணி
விடியப்புறத்தில் ஈயம் மாதிரிக் கிடக்கும்.
யானை லத்தி சூடு ஆறாமல் இருக்கும்.
யானைக்குப் பயந்து மிதிப்பது நல்ல பயம்;
வீடு வந்தவுடன் முடிந்துவிடும்.

தொடக்கத்தில் கை நடுங்கியது.
சிவலை வாளியை உதைத்துக் கொட்டிற்று,
யாரோ அந்நியன் என்று நினைத்திருக்கும்.
ஒன்பது நாள் புவிராணிதான் கறந்தாள்.
பத்தாம் நாள் எனக்குக் கால் லீற்றர் விட்டது.
பால் கொப்பியின் கடைசித் தாளில் அதைக் குறித்தேன்.

அந்தத் தாளில் நாட்களும் இருக்கின்றன.
அறுபத்தொன்று வரைக்கும் நேராக ஓடி
ஒரு வெட்டு.
செத்தவீடு ஒன்று, பந்தலுக்குப் பின்பக்கம்.
பிறகு மறுபடியும் ஒன்று.
ஒன்று என்று எழுதப் பேனை பாரமாக இருந்தது.
பழைய தாளைக் கிழித்துவிடு என்றான் தவம்.
கிளினிக் மிஸ் விடவில்லை:
"கிடக்கட்டும் அண்ணை, அதுவும் நீங்கள் கறந்த பால்தானே."

இந்தப் பக்கம் எல்லாரிடமும் ஒரு காரணம் இருக்கிறது.
என்னிடமும் ஒன்று,
மாத்தளனில் மணலுக்குள் விட்டுவந்தது.
அதைச் சொல்லத் தொடங்கினால் அங்கே ஊற்றித் தருவார்கள்.
கதை பாதியில் நிற்கும்போதே
இரண்டாவது கிளாஸ் வந்துவிடும்.
இப்போது மாதத்தில் ஒரு செவ்வாய்
மாங்குளம் ஆசுபத்திரியில்
பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து சொல்கிறேன்.
அங்கே ஊற்றுவதில்லை.
அதனால் கதை
முடிவு வரைக்கும் போகவேண்டியிருக்கிறது.

மைமல்பொழுதுதான் கள்ளன்.
ஆறிலிருந்து ஏழரை.
புல்லு வெட்டுகிறேன்,
வெட்டிய புல்லை இன்னும் சின்னதாக வெட்டுகிறேன்.
சேட்டுப் பையில் தோடம்பழ இனிப்பு.
பல் இரண்டு சூத்தையாய்ப் போயிற்று,
போகட்டும்.

முந்தி இரவில் சைக்கிள் சத்தம் கேட்டால்
ஆரபி கொப்பிகளை அள்ளிக்கொண்டு
பின்வேலியால் போய்விடுவாள்.
போனகிழமை
காலை நீட்டியபடி கணக்குச் செய்துகொண்டிருந்தாள்.
நான் அவள் காலைக் கடந்து உள்ளே போனேன்.
நிமிரவில்லை.
அந்த நிமிராமையை
யாரிடம் சொல்லிக் கொண்டாடுவது?

நிலையத்தில் நிதுசா
ஒவ்வொரு கானுக்குள்ளும் மானியை விடுவாள்.
மிதக்கிற கோட்டைக் குனிந்து பார்ப்பாள்.
"இருபத்தெட்டு. சரி."
ஆளைத் தெரியும். தெரிந்தும் விடுவாள்.
எனக்குக் கோபம் வருவதில்லை,
வீட்டிலும் ஒன்று இருக்கிறது.
படலையைத் திறக்கிறபோது புவிராணி
ஒரு மூச்சு உள்ளே இழுப்பாள்.
அவ்வளவுதான்.
இருநூற்றுப் பதின்மூன்று நாளும் இழுத்தாள்.

நேற்று அவளுக்குத் தடிமன்.
மூக்கு அடைத்து, கண் சிவந்து,
படலையில் கை வைத்தபடி நின்றாள்.
எனக்கு விளங்கியது.
"ஊதிக் காட்டட்டோ?" என்றேன்.
பகிடியாகத்தான் கேட்டேனா என்று
எனக்கே தெரியாது.
அவள் தும்மினாள். சீலைத் தலைப்பால் துடைத்தாள்.
"எத்தினை லீற்றர்?"
"ஆறரை."
படலை திறந்தது.

இன்றைக்குத் தடிமன் மாறிவிட்டது.
வழக்கம்போல இழுத்தாள்.
நான் சைக்கிளை உருட்டாமல்
அவள் இழுத்து முடிக்கும் வரைக்கும்
நின்றேன்.