முப்பத்தொரு பார்

டர்பன் நகர மண்டபத்தில்
இரண்டாயிரம் பேர் படம் பார்க்கிறார்கள்.
பார்க்காதவர்கள் எழுபத்திரண்டு பேர்.
நான் அதில் ஒருத்தி.
வியோலா, மூன்றாவது மேசை, வெளிப்பக்கம்.

திரை எங்கள் தலைக்குப் பின்னால்.
அதிலிருந்து வெளிச்சம் மட்டும் சிந்தி
வில்லின் மேல், வெள்ளைத் தாளின் மேல்
சில நேரம் நீலம், சில நேரம் நெருப்பு.
வலது காதில் ஒரு பொத்தான்
டிக் டிக் டிக்கென்று நச்சரிக்கும்.
கண்டக்டர் ஃபூரிக்கு மட்டும்
காலடியில் குட்டித் திரை ஒன்று.
பச்சைக் கோடு ஓடி வந்து முட்டினால்
கையை இறக்குவார்.
டிக்கெட் கிழிக்காத கண்டக்டர்,
எல்லோரும் எங்கே இறங்கவேண்டும் என்பது
அவருக்குத்தான் தெரியும்.

கதையில் கப்பல் இருக்கிறது, அது நிச்சயம்.
எங்களுக்கு நூற்றுப் பதினாறிலிருந்து அலை.
அலை என்றால் நான்கே ஸ்வரம்,
மேலே கீழே மேலே கீழே
மணிக்கட்டு வீங்கும்வரை.
காதல் வந்தால் வயலின்களுக்குப் போகும்.
அப்பா செத்தால் செல்லோ.
வியோலாவுக்கு எப்போதும் தண்ணீர்.

தாள்கள் வாடகைக்கு வந்தவை.
எந்த நாட்டிலோ எவனோ ஒருவன்
ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறான்:
இங்கே முத்தமா?
அதன் கீழே வேறொரு கை:
இல்லை, துப்பாக்கி.
பக்கத்தில் தண்டசிலே இதைக் காட்டிச் சிரித்தாள்.
நான்கு முறை வாசித்துவிட்டோம்,
இருவருக்கும் இன்னும் தெரியாது.

இன்று பிப்ரவரி. துறைமுகத்து ஈரம்
உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது.
தந்தி வழுக்குகிறது.
எட்டரைக்கு அட்டவணைப்படி கரண்ட் போனது;
ஒரு கண்ணிமைப்பு, பிறகு ஜெனரேட்டர்,
எங்கள் சுருதிக்கு ஒரு மயிரிழை கீழே
பிடிவாதமான தம்பூரா மாதிரி.

இந்த இசையில் தாளக்கட்டத்துக்குப் பெயர் பார்.
கடைசிச் சுருளுக்கு முன்னால்
எங்களுக்கு முப்பத்தொரு பார் ஓய்வு.
ஒரு பார், இரண்டு பார், மூன்று பார் என்று
எண்ணிக்கொண்டே
பார்க்காமல் உட்கார்ந்திருக்கவேண்டும்.

திரும்பக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இல்லை.
யாரும் திரும்புவதில்லை, அவ்வளவுதான்.
நான் எதிரே பார்த்தேன்.

முதல் வரிசையில் ஒரு மனிதர்.
அறுபது இருக்கும், சாம்பல் சஃபாரி சூட்,
பக்கத்து இருக்கையில் ஆள் இல்லை,
மடித்த கோட்டும் ஒரு பாப்கார்ன் பொட்டலமும்.
தடித்த கண்ணாடி.
அதன் இரண்டு வில்லைகளிலும்
நகக்கண் அளவு கப்பல்.

ஏழு பார்.
எட்டு.
கப்பல் சாய்ந்தது, இரண்டும் ஒரே பக்கமாக.
புள்ளி புள்ளியாய் எதுவோ உதிர்ந்தது,
மனிதர்களாக இருக்கவேண்டும்.
பதினான்கு. ஒரு பெண்ணின் முகம்,
அல்லது நிலா.
இருபது, இருபத்தொன்று,
அதற்குப் பிறகு எண்ணினேனா தெரியவில்லை.
நான்கு முறை மூழ்கடித்த கப்பலை
முதல் முறை பார்க்கிறேன்,
தலைகீழாகவா இடவலம் மாறியா என்றுகூடப் புரியாமல்.

அந்த நேரம் பார்த்து அவர்
கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.
கைக்குட்டையைத் தேடினார்.
இரண்டு கப்பலும் அவர் மடியில் அணைந்தன.

தண்டசிலேயின் செருப்பு என் கணுக்காலில் இடித்தபோது
எங்கள் இடம் தாண்டியிருந்தது.
ஒரு பார் முழுக்க நான் இல்லை.
அந்த ஒரு பார்
கப்பல் கொஞ்சம் தண்ணீர் குறைவாக மூழ்கியது.

யாரும் கவனிக்கவில்லை. ஃபூரி கூட.
வெளிக்கூடத்தில் ஒரு அம்மா என் கையைப் பிடித்து
அருமை, இசை இருப்பதே மறந்துபோச்சு என்றாள்.
அது பாராட்டு.
அவர் எந்த வாசலில் போனார் என்று தெரியவில்லை.
முடிவில் யாராவது பிழைத்தார்களா,
கேட்டிருக்கலாம்.

தாள்கள் நாளை பெட்டியில் ஏறி
வேறு ஊருக்குப் போகும்.
முத்தத்துக்கும் துப்பாக்கிக்கும் கீழே
கொஞ்சம் இடம் இருந்தது.
பென்சிலைக் கூராக்கி எழுதினேன்:
கப்பல் இரண்டு.