பத்து பவுண்டு

குடலிறக்க அறுவை முடிந்து பதினோராம் நாள்.
பத்து பவுண்டுக்கு மேல் எதையும்
ஆறு வாரம் தூக்கக் கூடாதென்று
தாளில் எழுதியே கொடுத்துவிட்டார்கள் டுலூத் மருத்துவமனையில்.
ஆர்டிஸ் அதை ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.
இன்று கழற்றி எடுத்துவந்து
கராஜ் சுவரில், என் கண்ணுக்கு நேரே ஒட்டினாள்.

கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருக்கிறேன்.
ஏரிக்காற்று கதவிடுக்கில் நுழைந்து
கணுக்காலைத் தேடுகிறது.
வெள்ளிக்கிழமை பனி விழுமாம்.
அதற்குள் கார் உள்ளே வரவேண்டும்.
கார் வர, தரையில் கிடப்பதெல்லாம்
ரேக்கில் ஏறவேண்டும்.
ரேக்கோ
நடுத்தட்டில் தொப்பை போட்டு நிற்கிறது,
என்னைப் போல.

மரத்தூளை அழுத்திச் செய்த பலகை.
வளைய ஆரம்பித்ததும் நான் கண்ட வைத்தியம்
திருப்பிப் போடுவது.
பள்ளம் மேடாகும். சுமை ஏற ஏற
மேடு மெல்லச் சமமாகும்.
சமமான அன்றைக்கு என்னைவிடச் சாமர்த்தியசாலி கிடையாது.
பிறகு அந்தப் பக்கமும் தொங்கும்.
மறுபடி திருப்புவேன்.
திருப்புமுன் ஓரத்தில் பென்சிலால் தேதி.

ஆர்டிஸ் சத்தமாகப் படிக்கிறாள்:
"தொண்ணூற்றெட்டு, மே.
இரண்டாயிரத்தொன்று, ஏப்ரல்.
இரண்டாயிரத்து நாலு, கடைசித் தடவை."
அதற்குக் கீழே இன்னும் நான்கு.
நான்காவதில் 'ஆகஸ்ட்' மட்டும்.
வருஷம் இல்லை,
ஒரு கோடு மட்டும் சரிந்து இறங்கியிருக்கிறது.
அதை அவள் சத்தமாகப் படிக்கவில்லை.

பக்கத்து வீட்டு பிரிட்டா வட்ட ரம்பத்தோடு வந்தாள்.
குளிர்காலத்தில் ஏரிக்கப்பல்களுக்குப்
பற்றவைப்பு வேலை செய்பவள்.
குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"பலகைமேல் மட்டும் தப்பில்லை.
இவ்வளவு நீளத்துக்கு நடுவில்
ஒரு குறுக்குக் கட்டை வேண்டும்.
முதல் நாளே வேண்டியிருந்தது."
நான் வாளியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டேன்.

சாமான்கள் இறங்கின.
தட்டில் துருவட்டம் விட்டுவந்த பெயிண்ட் டப்பாக்கள்,
உறைந்த ஏரியில் துளைபோடும் துரப்பணம்,
ஒற்றைக் கையுறை,
யாரும் ஊதாத ரப்பர் படகு.
பிறகு டைல்ஸ்.
பன்னிரண்டு பெட்டி. நட்டநடுவில்.

"எந்தத் தரைக்கு?" என்றாள் பிரிட்டா.
நாங்கள் இருவரும் வாய் திறக்கவில்லை.
மாடிக் குளியலறைக்கு. பச்சை நிறம்.
உடைந்தால் மாற்றலாம் என்று.
அந்தத் தரையைப் பெயர்த்தெறிந்து
ஒன்பது வருஷம் ஆகிறது.
இல்லாத தரைக்கு உதிரி சுமந்தே
முதுகு போயிருக்கிறது ஒரு பலகைக்கு.

முதல் பெட்டியை ஆர்டிஸ் தூக்கினாள்.
முப்பது பவுண்டாவது இருக்கும்.
என்னையறியாமல் எழுந்தேன்.
அவள் முகவாயால் தாளைக் காட்டினாள்.
உட்கார்ந்தேன்.
இரண்டாவது, மூன்றாவது.
நான்காவது பெட்டி மட்டும் கோணலாக,
பாதி இழுத்து, பாதி திரும்பத் தள்ளியபடி இருந்தது.
அதன்மேல் கைவைத்தவள்
பென்சில் கோட்டைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.

டாக்டரிடம் நான் சொன்னது
படகை இழுத்தபோது என்று.

"படகு," என்றாள் ஆர்டிஸ்.
அவ்வளவுதான்.
ரம்பம் அலறத் தொடங்கியது,
அதற்கு நான் நன்றி சொன்னேன்.

பிளைவுட் கால் அங்குலம் நீண்டுவிட்டது.
மறுபடி அறுத்தார்கள்.
குறுக்குக் கட்டை ஏறியது.
ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும் உத்தியோகம்
எனக்குக் கிடைத்தது.
டப்பாவோடு சேர்த்தே இரண்டு பவுண்டுதான்,
எடைபோட்டுப் பார்த்துத்தான் கொடுத்தாள்.

புதுத்தட்டில் பிரிட்டா ஏறி நின்று குதித்தாள்.
டப்பாக்கள் குலுங்கின, பலகை அசையவில்லை.
"பச்சை டைல்ஸ் என் சவுனாவுக்கு ஆகுமே," என்றாள்.
தள்ளுவண்டியில் நான்கு நடை.
பதினோரு பெட்டி போயிற்று.
பன்னிரண்டாவதை அவளே தூக்கித்
தட்டில் வைத்தாள்:
"இது இங்கேயே இருக்கட்டும்.
எனக்கு உடைந்தால் மாற்ற."

ஆர்டிஸ் ஒன்றும் சொல்லவில்லை.
பெட்டியை நடுவிலிருந்து
தூண் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.
பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்து
என்னிடம் நீட்டினாள்.