அந்துப்பொறி

வேல்ஸில் ஜூன். மணி ஐந்து.
பைஜாமாமேல் மழைக்கோட்டோடு டெல்வின்
பெட்டியின் மூடியைத் தூக்குகிறார்.
வேலிமேல் ராபின் காத்திருக்கிறது,
அதற்கு இது காலைப் பந்தி.

முட்டை அட்டையின் ஒவ்வொரு குழியிலும்
யாரோ தூங்குகிறார்கள்:
முறிந்த பர்ச் குச்சி ஒன்று,
தொட்டால் கால் முளைக்கும்.
ரோஜா நிறத்தில் ஒரு யானை.
பிறகு பழுப்பு, பழுப்பு, பழுப்பு.

ஒன்றைக் கண்ணாடிக் குப்பியிலிட்டுத்
திருப்பித் திருப்பிப் பார்த்து
நோட்டில் எழுதுகிறார்: ஐயம்.
தெரியாததால் அல்ல,
அந்த அந்தின் பெயரே அதுதான்.
அதுதானா இது என்பது
இன்னோர் ஐயம்.

இரவெல்லாம் எரியும் விளக்குக்காகச்
சண்டை பிடித்த மிஸஸ் ப்ரோபர்ட்
வேலிக்கு மேல் எட்டி,
"என் திரைச்சீலையில் இருந்தது" என்று
ஜாம் பாட்டிலை நீட்டுகிறார்.

மூடியில் ஆணியால் குத்திய
ஆறு துளைகள்.