தோன்றா எழுவாய்

ஜெனீவாவில் மஹ்ஜூபாவின் கழுத்தில் தொங்குவது
இரவல் அட்டை.
முகம் அவளுடையது, பெயரும்தான்.
அமைப்பு என்ற இடத்தில் மட்டும்
பறவைகளைக் காக்கும் ஏதோ ஒரு சங்கம்.
நல்லவர்கள். ஆண்டுக்கு இரண்டு முறை
தங்கள் நேரத்தில் தொண்ணூறு வினாடி கடன் தருகிறார்கள்.

அடிஸ் அபாபாவில் அவளுக்கு நாற்காலி உண்டு.
மேசையில் கொடி, பக்கத்தில் தண்ணீர்க் குப்பி,
அழுத்தினால் பச்சையாக எரியும் பொத்தான்.
ஒரே இரவு விமானத்தில்
அவள் நாடு
இயக்கமாகி,
'சம்பந்தப்பட்ட தரப்பு' ஆகி,
தரையிறங்கும்போது பறவையாகியிருக்கிறது.

நாற்பதாவது வினாடியில்
ஒழுங்குப் பிரச்சினை என்று எழுகிறார் ஒருவர்.
கடிகாரம் நிற்கிறது. அந்த மட்டில் நியாயம்.
பேச்சாளர் சொன்ன பெயரில் நாடு எதுவும்
பட்டியலில் இல்லையாம்.
அவையில் ஏற்கப்பட்ட சொற்களையே, என்கிறார் தலைவர்.
தாளில் ஒரு சொல்லை அடிக்கிறாள்.
அடித்த இடத்தைத் தாண்டிப் படிக்கிறாள்.

எங்கள் மொழியில் இதற்கு இலக்கணம் உண்டு.
'வந்தேன்' என்றால் போதும்,
நான் என்று தனியே எழுத வேண்டாம்;
விகுதிக்குள்ளேயே ஆள் உட்கார்ந்திருக்கும்.
தோன்றா எழுவாய் என்போம்.
சஹராவி மக்களைப் பற்றிய தீர்மானங்களிலும்
வினைகள் மட்டும்தான்:
கவனத்தில் கொள்ளப்பட்டது.
ஒத்திவைக்கப்பட்டது.
மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டது.
ஒவ்வொரு விகுதியையும் தடவிப் பார்த்தேன்.
ஆள் இல்லை.

முன்பொரு ஜூன் மாதம் ரயிலேறி பெர்னுக்குப் போனாள்.
போர்ச் சட்டத்தின் கூடுதல் நெறிமுறை,
தொண்ணூற்றாறாம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு:
விடுதலைக்குப் போராடும் மக்களும்
நாடாக இல்லாமலே
கட்டுப்படுகிறோம் என்று எழுதித் தரலாம்.
கைதியை அடிக்க மாட்டோம்.
மருத்துவமனையைத் தொட மாட்டோம்.
காயம்பட்ட எதிரிக்குத் தண்ணீர் தருவோம்.

திருமதி எகர்ட்டர் உறையை வாங்கி
தேதி முத்திரை குத்தினார்.
உட்காரச் சொல்லிக் காப்பியும் தந்தார்.
உலகம் பேரம் பேசாமல் முழுசாகக் கொடுத்த
முதல் பொருள் அது. கடமை.
பந்தியில் இலை கிடையாது;
எச்சில் இலை எடுக்கும் முறையில்
பெயர் சேர்ந்துவிட்டது.

திரும்பும் ரயிலில், கழிவறைக்குள்,
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
சத்தியம் செய்ய ஆள் இருந்தாக வேண்டுமே!
இல்லாதவளிடம் யார் எழுதி வாங்குவார்கள்?

அன்றிரவு தம்பி லெஹ்பீபை அழைத்தாள்.
மணல்சுவருக்குக் கிழக்கே அவனுக்குக் காவல்.
இடது பாதம் பிளாஸ்டிக்.
எதிரி புதைத்ததா நாம் புதைத்ததா என்று
அவன் கேட்டதில்லை.

"இதற்கு முன்னும் தண்ணீர் கொடுத்தோமே?"
"இனிமேல் கொடுக்காவிட்டால் குற்றம்."
"அவன் எனக்குக் கொடுக்காவிட்டால்?"
"அதுவும்தான். ஆனால் அவர்கள் மறுத்துக் கடிதம் எழுதுவார்கள்."
கரகரப்பு.
"யார் பெயரில் கையெழுத்து?"
"மக்கள் பெயரில்."
"மக்கள் என்றால்?"

அவளிடம் தயாராக ஒரு பதில் இருந்தது,
நான்கு மொழிகளில், அடிக்குறிப்புகளோடு.
"நீ," என்றாள்.

அந்தப் பக்கம் லெஹ்பீப் தன் முழுப் பெயரை,
அப்பா பெயர், அவருடைய அப்பா பெயரோடு
ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கையில்
கார்டில் காசு தீர்ந்தது.