0417

மூன்று கதவுகள்.
ஒன்று சாத்திய பின்தான் அடுத்தது திறக்கும்.
உள்ளே இருபத்தேழு டிகிரி, எண்பது விழுக்காடு ஈரம்.
வெளியே குவீன்ஸ்டவுனில் இடி விழுந்தாலும்
இங்கே அந்தி
பொத்தானில் வரும், பொத்தானில் போகும்.

வலைக்கூண்டுக்குள் ஐந்நூறு பேர்.
பேர் என்றுதான் வாயில் வருகிறது.
புழுவாய் இருந்தபோது மீன்தீனித் தூள்,
இறகு முளைத்ததும் பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர்.
வேறு யாருக்கும் இப்படி
நேரம் தவறாமல் சோறு போட்டதில்லை நான்.

நேற்று மாலையே பஞ்சை எடுத்துவிட்டேன்.
பசிக்கட்டும்.

மருத்துவமனைக் குழாய் பத்தரைக்கு வந்தது.
ஒட்டுச்சீட்டில்:
0417. ஆண். 26.
கப்பல் பட்டறை, வெல்டர்.
பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை.
விதி அப்படி. நல்ல விதிதான்.

கண்ணாடிக் கிண்ணத்தில் அவன் ரத்தம்
காய்ச்சல் இல்லாத உடம்பின் சூட்டில் நிற்க,
தோல்போல் இழுத்துக் கட்டிய படலத்தில்
தலைகீழாய்த் தொற்றிக் குடித்தார்கள் பெண்கள்.
ஆண்களுக்கு இதில் வேலை இல்லை.
இருபது நிமிஷத்தில்
ஒவ்வொரு வயிறும் ஒரு மாதுளை முத்து.

பதினாறாம் நாள்
ஊசிமுனையால் கழுத்தை இழுக்கிறேன்.
மூச்சு விட்டால் அறுந்துபோகும்.
விடாவிட்டால், தலையோடு கூடவே வரும்
எச்சில் சுரப்பி,
மூன்று விரல் மட்டும் உள்ள கையுறை மாதிரி.
கண்ணாடித் தகட்டில் நசுக்கினால்
உள்ளிருந்து கொட்டும் வளைந்த முடிகள்,
நகப்பிறைகள், உயிருள்ளவை.
கா லெங் ஹொக்கியனில் எண்ணுவாள்,
நான் தமிழில்.
இரண்டும் ஒத்துவந்தால்தான் ஏட்டில் ஏறும்.

சனிக்கிழமை என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.
கைவிளக்கோடு ஒரு பெண், சட்டையில் நூர்ஹைடா.
மணிபிளான்ட் தட்டில் குனிந்தவள்
சொட்டுக்குழாயால் உறிஞ்சிக் காட்டினாள்.
நான்கு புழு.
"அக்கா, என்ன வேலை செய்றீங்க?"
ஆராய்ச்சி என்றேன். எதில் என்று சொல்லவில்லை.
என் இனம் தண்ணீரின் மேல்
படுத்த வாக்கில் மிதக்கும்;
இது தலையைத் தொங்கப்போடுகிறது, பாருங்கள், இது டெங்கிக்காரி
என்று வாதாட வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.
இருநூறு வெள்ளி.
பெயர் கேட்டாள்.
வான்மதி, த/பெ சிங்காரவேலு.
எழுத்துக் கூட்டி முழுசாய் எழுதிக்கொண்டாள்.

ரத்தத்தில் திரிவதை மருந்து கழுவிவிடும்.
ஈரலுக்குள் ஒன்றிரண்டு
ஒரே ஓர் அணு வீட்டில் சுருண்டு படுத்துவிடும்.
மூன்று மாதம். ஒன்பது மாதம்.
பிறகு ஒரு நாள் எழுந்து உட்காரும்,
அவனுக்குப் பல் கிட்டித்துக் குளிரும்.
எது எழுப்புகிறது?
எட்டு வருஷமாய் இந்த ஒரு கேள்விக்குத்தான்
சம்பளம் வாங்குகிறேன்.

தட்டில் வளர்க்கும் ஈரல் அணுக்களின்மேல்
அந்தப் பிறைகளை விடுகிறோம்.
பல ஊதிப் பெருக்கின்றன.
சில மட்டும்
பச்சை ஒளியில் ஒற்றைப் புள்ளி, கூப்பிட்டாலும் திரும்பாதவை.
எங்கள் தட்டின் ஆயுள் முப்பது நாள்.
அவன் ஈரலுக்கு அத்தனை அவசரமில்லை.

மருத்துவமனைக் கோப்பில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது:
0417, ஒப்பந்தம் முடிந்தது, நாடு திரும்பினார்.
மாத்திரை பதினான்கு நாளைக்கு.
விமானம் பத்தாம் நாள்.
மீதி நான்கைப் பெட்டியில் வைத்தானா,
தங்குவிடுதி மேசையில் விட்டானா
கேட்க ஓர் எண் இருக்கிறது என்னிடம்;
கூப்பிட முடியாத எண்.

நள்ளிரவில் படுக்கையறைச் சுவரில் ஒன்று.
விளக்கைப் போட்டேன்.
அடிக்கும் முன்
அது உட்கார்ந்திருக்கும் கோணம் பார்த்தேன், தொழில் பழக்கம்.
சுவரோடு சுவராய்ப் படிந்திருந்தது. என்னுடையது இல்லை.
அடித்தேன்.

உள்ளங்கையில் ஒரு சொட்டு ரத்தம்.
எனதா, எதிர்வீட்டுக்காரருடையதா.
குழாயடியில் நின்று
கொஞ்சநேரம் அதைக் கழுவாமல் வைத்திருந்தேன்.