லிஃப்டுக்குச் சில்லறை

நாளை ஜும்பேர் மாமா வருகிறார்.
நடைக்கம்பளத்தைச் சுருட்டிக்
கட்டிலுக்கடியில் தள்ளியாயிற்று.
குளியலறை நிலைப்படியை
ஸாஸா ரம்பத்தால் அறுத்துவிட்டான்.
உள்ளே மரம் புதிதாய் மணத்தது.

டாக்டர் கூடாதென்ற ஒயின் ஜாடி
எதிர்வீட்டு நானூலியிடம் போயிருக்கிறது.
கேட்டாலும் தரமாட்டேன் என்று சத்தியம் செய்தாள்,
சிரித்துக்கொண்டே.

எங்கள் கட்டிடத்து லிஃப்ட்
காசு போட்டால்தான் அசையும்.
கஞ்சத்தனமில்லை, கொள்கை என்பார் மாமா.
ஏழு மாடியும் காலால்தான்,
உருளைக்கிழங்கு மூட்டையோடும்.
போன மாதம்தான் முதல் தடவையாக அதில் இறங்கினார்,
நாற்காலியில் கட்டி வைத்து.
ஆம்புலன்ஸ்காரன் தன் பையிலிருந்து காசு போட்டான்.
"அந்தக் கடன் நிற்கிறது"
என்று நேற்றும் போனில் சொன்னார்.

காலையில் திபிலீசிச் சந்தையில்
கொத்தமல்லிக்காரியிடம் இருபது லாரியை நீட்டி
முழுக்கச் சில்லறையாக வாங்கினேன்.
ஊறுகாய் பாட்டிலில் கொட்டிக்
கதவருகே வைத்தேன்.

ஸாஸா எடுத்துக் குலுக்கிப் பார்த்தான்.
"இவ்வளவு எதற்கு?
எத்தனை தடவை ஏறி இறங்கப் போகிறார்?"

கேட்டுவிட்டு
ரம்பத்தைத் துடைக்கப் போய்விட்டான்,
ஏற்கெனவே துடைத்த ரம்பத்தை.

கோட்டுப் பையைத் துழாவினேன்.
இன்னும் இரண்டு காசு இருந்தது.
போட்டேன்.