கால் வட்டம்

நூற்று நாற்பத்து மூன்று கதவுகள் என்றது கணினி.
பள்ளிக்கோ பத்தொன்பதே அறைகள்.
புந்தா அரேனாஸில் அப்போது மாலை நான்கு.
ஒப்பந்தப்புள்ளிக்கு ஒன்பது மணிவரை நேரம்.
எடுலியா ஓயார்சோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள்,
பிழை கண்ணாடியில் இருக்கட்டும் என்று
ஒரு நப்பாசை.

வரைபடம் படிக்க அந்த நிரலுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள்
சாந்தியாகோவில், பதினோராம் மாடியில்.
இரட்டைக் கோடு சுவர்.
சுவர் விட்ட இடைவெளியில் மூன்று மெல்லிய கோடு சன்னல்.
கோடும் கால் வட்டமும் சேர்ந்தால் கதவு:
கோடு அதன் பலகை,
வட்டம் அது திரும்பும் வழி.
இவ்வளவுதான் பாடம்.
புள்ளி புள்ளியாய்த் தாளை மேய்ந்து
நான்கே நிமிடத்தில் சொல்லிவிடும்,
சுவருக்கு இத்தனை சதுர மீட்டர் சாந்து,
தரைக்கு இத்தனை ஓடு,
கூரைத் தகடு, ஆணி, வண்ணம்.
அளவுகோலும் சிவப்புப் பென்சிலுமாய்
அவள் மூன்று நாள் குனிந்து எடுத்த கணக்கு.
அதில் அவளுக்கு வருத்தம் இல்லை.
முதுகுவலிக்கு யார் ஏங்குவார்?

ஆனால் நூற்று நாற்பத்து மூன்று.

பெரிதாக்கினாள்.
ஒவ்வொரு கதவைச் சுற்றியும் பச்சைப் பெட்டி,
பெட்டியின்மேல் நம்பிக்கையின் அளவு:
தொண்ணூற்றேழு விழுக்காடு, தொண்ணூற்றொன்று,
எண்பத்தெட்டு.
மேற்கு மூலையில் பெட்டிகள் ஈசல்போல் மொய்த்திருந்தன.
சுவரே இல்லாத வெளியில்,
விளையாட்டுத் திடலின் நடுவில்,
கொடிக்கம்பத்தருகே
கதவுகள்.
ஒன்றன்பின் ஒன்றாய், எல்லாம் கிழக்கே திறந்தபடி.
பென்சிலில் போட்ட கால் வட்டங்கள்,
ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு கோடு.

கட்டடக் கலைஞர் ரதோமிர் மிமிட்சாவைத் தொலைபேசியில் பிடித்தாள்.
பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம்.
"அதுவா? அழிக்க மறந்துவிட்டேன்.
அது காற்று.
மேற்கிலிருந்து வந்து உடற்பயிற்சிக் கூடத்தில் மோதித்
திரும்புகிற இடம்.
முதல் வகுப்புப் பிள்ளை எத்தனை கிலோ இருக்கும் என்று
யோசித்துக்கொண்டே போட்டது."
அந்தச் சிறு கோடுகள்?
"பிள்ளைகள்."

இதைத் தமிழில் எழுதுவதால் எனக்கு ஒரு வசதி:
கால் என்றால் நான்கில் ஒன்று,
கால் என்றால் தூண்,
கால் என்றால் காற்று.
கணினி தப்பாய்ப் படித்தது என்று
அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவளுக்கு ஸ்பானியம்தான். அழித்தாள்.
தொண்ணூற்றாறு கதவுகள், ஒவ்வொன்றாய்.
ஒரு கதவு இரண்டு லட்சத்து எண்பதாயிரம் பெசோ;
இரண்டு கோடியே அறுபத்தெட்டு லட்சத்து எண்பதாயிரம்
விரல் நுனியில் கரைந்தது.
ஒவ்வொரு முறையும் நிரல் கேட்டது:
கதவு இல்லையென்றால் இது வேறு என்ன?
அழுக்கு. மடிப்பு. எழுத்து. மரம்.
பட்டியலில் இருந்தவை இவ்வளவே.
மூன்றாவது கதவில் சற்று நின்று
'புதிய வகை' என்ற கட்டத்தில்
காற்று என்று தட்டினாள்.

நாற்பத்தேழு கதவு. தொகை கூட்டியாயிற்று.
எட்டே முக்கால். டிசம்பர் வெயில் இன்னும் இறங்கவில்லை.
அனுப்பும் முன் சன்னல் வழியே கீழே பார்த்தாள்:
தெருமுனையில் கட்டிவைத்த கயிற்றை
இரு கையாலும் பற்றி
ஒருவர் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தார்,
ரொட்டிப் பை பல்லிடுக்கில்.

கடைசி வரிசைக்குக் கீழே இன்னொரு வரிசை சேர்த்தாள்.
கைப்பிடிக் கம்பி, மேற்கு மூலை, முப்பத்தாறு மீட்டர்.
உயரம்: அறுபது சென்டிமீட்டர்.
விலை: சுழி.
வரைபடத்தில் இல்லாததற்கு விலை போடக் கூடாது, விதி.
முதலாளி கேட்டால்
லாபத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லலாம்.
கேட்காமலும் போகலாம்.

ஒப்பந்தம் யாருக்கு என்று மார்ச்சில்தான் தெரியும்.

அடுத்த திங்களன்று தெமுகோவிலிருந்து
ஓர் அடுக்குமாடி வந்தது.
சுத்தமான வரைபடம், பென்சில் படாதது.
கணினி மேய்ந்து முடித்தது.
நான்காம் தளம், குளியலறை வாசல்,
பச்சைப் பெட்டி:
காற்று, அறுபத்தொரு விழுக்காடு.

திருத்தக் கை எடுத்தவள்
எழுந்துபோய் முதலில்
காப்பி போட்டுக்கொண்டு வந்தாள்.